நாலு பேர் சொல்லி வரும் வேலை

கோயம்புத்தூரில் ஃபவுண்டரியிலோ பம்ப் கம்பெனியிலோ ஸ்பின்னிங் மில்லிலோ இருபது, இருபத்தைந்து வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவர்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு யோசனை வரும். இத்தனை காலம் ஒரே முதலாளிக்குப் பார்த்த வேலையைப் பத்துப் பேருக்குப் பார்த்துக் கொடுத்தால் என்ன? நல்ல யோசனைதான். ராஜினாமா கொடுத்த கையோடு விசிட்டிங் கார்டு அடிப்பார்கள், பெயருக்குக் கீழே ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று போட்டு. லெட்டர் பேட் வரும், இணையதளம் வரும், சிலர் சின்னதாக ஆபீஸ்கூடப் பிடித்துவிடுவார்கள். பிறகு போன் வரும் என்று காத்திருப்பார்கள். வராது.

திறமை இல்லாததால் அல்ல. ஆலோசனை என்பது வாங்கும் முன் தொட்டுப் பார்க்க முடியாத சரக்கு. மோட்டார் வாங்குகிறவர் ஓட்டிப் பார்த்து வாங்கலாம். யோசனை வாங்குகிறவர் அதைச் சொல்லும் ஆளை மட்டும்தான் பார்க்க முடியும். அதோடு, யூனிட்டுக்குள் வெளியாளை விடுவதே முதலாளிகளுக்குச் சங்கடமான காரியம். வருகிறவர் கணக்கைப் பார்ப்பார், ஓட்டை உடைசலைப் பார்ப்பார், அதை எங்கே போய்ச் சொல்வார் என்று தெரியாது. தனக்குப் பழக்கமான ஒருவர் “அவரைக் கூப்பிடுங்க, நம்பிக்கையான ஆளு” என்று சொன்னால்தான் கேட் திறக்கும். அப்படிச் சொல்லக்கூடிய ஆட்களை ஓர் ஊருக்குள் எப்படிச் சம்பாதிப்பது, சம்பாதித்ததை எப்படிக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது என்பதே இங்கே விஷயம். மின்சாரச் செலவைக் குறைத்துத் தரும் ஆலோசகரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். தரச் சான்றிதழ், உற்பத்தித் திட்டமிடல், தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று எந்தத் துறையில் இறங்குபவருக்கும் வழி பெரும்பாலும் இதுதான்.

கோவைக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. கூடிப் பேசுவது இந்த ஊர்த் தொழிலின் பழைய வழக்கம். பொறியியல் உற்பத்தியாளர்களின் சங்கமான சீமா 1952-ல் தொடங்கியது. மில்காரர்கள் சேர்ந்து 1956-ல் சிட்ராவை, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தை, ஏற்படுத்தினார்கள். சிறுதொழில்காரர்களுக்குக் கொடிசியா 1969-ல் வந்தது. ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்களுக்கு டேக்ட் இருக்கிறது, பம்ப் செய்பவர்களுக்குக் கோப்மா இருக்கிறது, வார்ப்புத் தொழிலுக்கு இந்திய வார்ப்பாளர் கழகத்தின் கோவைக் கிளை இருக்கிறது. பல மில்களின் உற்பத்தித் திறனையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வுகளைச் சிட்ரா நடத்தி வந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் போட்டியான மில்கள் தங்கள் எண்களைப் பொதுவான ஓர் இடத்தில் கொண்டுவந்து கொடுக்கச் சம்மதித்த ஊர் இது. புதிதாக வரும் ஆலோசகர் காலூன்ற இதைவிட நல்ல மண் கிடைக்காது.

சங்கத்தில் சேர்வதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. வேலை யார் மூலம் வருகிறது? நெருங்கிய நண்பர்கள் மூலம் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் பாஸ்டன் நகரத்தை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், சமீபத்தில் வேலை மாறிய படித்த உத்தியோகஸ்தர்களைக் கேட்டுப் பார்த்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் கிடைத்தது 55.6 சதவீதம் பேருக்கு. மிக அரிதாகவே பார்ப்பவர் மூலம் கிடைத்தது 27.8 சதவீதம் பேருக்கு. 1973-ல் வெளியான அந்தக் கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் நமக்கும் தெரிந்த ஆட்கள். கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் நாம் போகாத இடத்துச் சேதியைக் கொண்டுவருகிறார்.

இதைக் கோவைக்குப் பொருத்திப் பாருங்கள். பல யூனிட்டுகளுக்குள் தினமும் போய்வரும் ஆட்கள் யார்? மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர். கம்ப்ரஸர் சர்வீஸுக்கு வரும் மெக்கானிக். பேரிங், பெல்ட் விற்கும் சேல்ஸ் இன்ஜினியர். கணக்குப் பார்க்கும் ஆடிட்டர். தொழில் கடன் கொடுக்கும் பேங்க் அதிகாரி. ஒரு மோட்டார் வருஷத்தில் மூன்று தடவை எரிந்தால் அந்தச் சேதி முதலில் ரீவைண்டிங் கடைக்குத்தான் தெரியும். மின்கட்டணம் லாபத்தைத் தின்கிறது என்பது முதலாளிக்கு உறைக்கும் முன்பே ஆடிட்டரின் கண்ணில் பட்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலாளிகளையே சுற்றிச்சுற்றி வருகிறார்கள். நான் சொல்வேன், முதல் ஆறு மாதம் இந்த ஆட்களோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். வியாபாரம் கேட்காதீர்கள். அவர்கள் எங்கெங்கே போகிறார்கள், எதைப் பார்த்து எரிச்சல்படுகிறார்கள் என்று கேளுங்கள். ஊரின் நிலவரம் அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அந்த ஆட்கள் உங்களை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்றால், சொல்வது சுலபமாக இருக்க வேண்டும். “அவர் எனர்ஜி, குவாலிட்டி, லீன், டிரெயினிங் எல்லாம் பண்ணுவாருங்க” என்று யாரும் யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. சொன்னாலும் கேட்பவர் மனதில் நிற்காது. “கம்ப்ரஸர்ல கரண்ட் வீணாகுதுன்னா அவரைக் கூப்பிடுங்க” என்றால் நிற்கும். தெரிந்த பத்து வேலையில் ஒன்றைத் தேர்ந்து அதன் பெயரால் அறியப்படுவது வருமானத்தைக் குறைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உள்ளே போன பிறகு மற்ற ஒன்பதும் தானாகவே வரும். கம்ப்ரஸரைப் பார்க்கப் போனவரிடம்தான் பவர் ஃபேக்டரைப் பற்றியும், ஃபர்னஸ் மூடியைப் பற்றியும், ஒப்பந்த மின்தேவையைப் பற்றியும் கேட்பார்கள்.

இனி சங்கத்துக்குள் வருவோம். சில சங்கங்கள் யூனிட் வைத்திருப்பவர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும். சிலவற்றில் தனிநபராகச் சேரலாம். சேர முடிந்த ஒன்றிரண்டில் சேர்ந்தால் போதும், ஐந்தில் சேர்ந்து எதற்கும் போகாமல் இருப்பதில் பயனில்லை. கூட்டத்துக்குப் போய்க் கார்டு விநியோகிப்பதிலும் பயனில்லை. சங்கத்தில் வேலை செய்ய ஆள் எப்போதும் குறைவு. கருத்தரங்குக்கு ஹால் ஏற்பாடு செய்ய, மின்கட்டண விஷயமாக ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு தயாரிக்க, கண்காட்சியில் ஸ்டால் பொறுப்பைப் பார்க்க ஆள் தேடுவார்கள். அதில் ஒன்றை எடுத்துச் சொன்ன நாளில் முடித்துக் கொடுங்கள். கூட வேலை செய்த நாலு முதலாளிகள், இந்த ஆள் சொன்னால் செய்வார் என்பதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். தொட்டுப் பார்க்க முடியாத சரக்கை விற்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல மாதிரி வேறில்லை.

வாராவாரம் காலையில் கூடி ஒருவருக்கொருவர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் குழுக்களும் ஊரில் நிறைய இருக்கின்றன. அவற்றின் வேர் பழையது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, ஒரு தொழிலுக்கு ஒரு உறுப்பினர் என்ற முறையை வைத்திருந்தது. 1985-ல் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. அதே முறையை நேரடியான வியாபாரப் பரிந்துரைக்குப் பயன்படுத்திக்கொண்டது. இன்டீரியர், இன்சூரன்ஸ், பிரிண்டிங் என்று எல்லோருக்கும் தேவைப்படும் தொழில் செய்பவர்களுக்கு இது நன்றாகவே பலன் தரும். தொழிற்சாலைக்குள் மட்டுமே வேலை இருக்கும் ஒருவர், அந்தக் குழுவில் எத்தனை பேர் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

சங்கத்தில் பேசும் வாய்ப்பு ஒரு நாள் வரும். முக்கால் மணி நேரம் கொடுப்பார்கள். அங்கே பலர் செய்வது, எரிசக்திச் சேமிப்பின் அவசியம் என்று பொதுவாகப் பேசி, கடைசியில் தன் சேவைகளை ஒரு ஸ்லைடில் போடுவது. கேட்டவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளி மறுநாளே தானாகச் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையை முழுசாகக் கற்றுக்கொடுங்கள். காற்றுக் கசிவுச் சோதனை அதற்குப் பொருத்தமானது.

வார விடுமுறை நாளில், காற்று எடுக்கும் எந்த மெஷினும் ஓடாதபோது கம்ப்ரஸரை மட்டும் ஓட்ட வேண்டும். காற்றை யாரும் பயன்படுத்தவில்லை. ஆகவே லைனில் அழுத்தம் ஏறியதும் கம்ப்ரஸர் அன்லோடுக்குப் போய் அப்படியே நிற்க வேண்டும். நிற்காது. எங்கோ கசிவதால் அழுத்தம் இறங்கும், கம்ப்ரஸர் மறுபடி லோடு எடுக்கும். எத்தனை நிமிஷம் லோடில் ஓடுகிறது, எத்தனை நிமிஷம் அன்லோடில் இருக்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்தே ஐந்தாறு தடவை குறித்துச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் அளவு வரும். 2 நிமிஷம் லோடு, 6 நிமிஷம் அன்லோடு என்றால் எட்டில் இரண்டு, அதாவது கம்ப்ரஸரின் திறனில் 25 சதவீதம் கசிகிறது. சரியாகப் பராமரிக்கும் இடத்தில் இது 10 சதவீதத்துக்குள் இருக்கும். கவனிக்காத பட்டறையில் 20 முதல் 30 சதவீதம் சர்வ சாதாரணம். பிறகு சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் தடவிக்கொண்டே போனால் கசியும் இடமெல்லாம் குமிழி விடும்.

இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம்மை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று தோன்றலாம். ஐம்பது பேர் கேட்டால் ஏழெட்டுப் பேர் செய்து பார்ப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் வந்த எண்ணைப் பார்த்து அதிர்ந்து போன் செய்வார்கள். “சார், நம்ம யூனிட்ல முப்பது வருதுங்க, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.” அந்தப் போனில் நீங்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கோளாறு இருக்கிறது என்று அவரை நம்பவைக்கவும் வேண்டியதில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அங்கே போன பிறகு எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் எதிர்காலம் இருக்கிறது. 37 கிலோவாட் கம்ப்ரஸர், வருஷத்துக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது, கசிவை 25 சதவீதத்திலிருந்து 10-க்கு இறக்குகிறோம், யூனிட் 8 ரூபாய் என்று கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 2,66,000 ரூபாய் மிச்சம் என்று காகிதத்தில் வரும். அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் கம்ப்ரஸர் அன்லோடில் இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை, முழு லோடில் இழுப்பதில் 30 சதவீதம் போல மின்சாரம் இழுக்கும். அதைக் கழித்தால் 1,86,000 தான் நிற்கும். நான் ஒன்றரை லட்சம் என்றுதான் எழுதச் சொல்வேன். வருஷக் கடைசியில் இ.பி. பில்லை வைத்துப் பார்க்கும்போது ஒன்றேமுக்கால் வந்திருந்தால் அந்த முதலாளி உங்களைப் பற்றிப் பத்துப் பேரிடம் பேசுவார். 2,66,000 என்று சொல்லி ஒன்றேமுக்கால் வந்தாலும் பத்துப் பேரிடம் பேசுவார், வேறு மாதிரி. மிச்சமான பணம் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

அறிக்கையை இலவசமாகக் கொடுக்காதீர்கள். மேடையில் சொல்லிக்கொடுப்பது சங்கத்துக்குச் செய்வது, அதற்குக் காசு வேண்டாம். யூனிட்டுக்குள் போய் நாள் முழுக்க அளந்து எழுதிக் கொடுப்பது வேலை. காசு கொடுக்காமல் வாங்கிய அறிக்கை மேனேஜரின் மேசை டிராயரில் கிடக்கும். கிடந்தால் மிச்சம் வராது, மிச்சம் வராவிட்டால் சொல்ல ஆள் கிடைக்காது. மிச்சத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதும் பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது. உற்பத்தி கூடும், புது மெஷின் வரும், கட்டணம் உயரும். எது உங்களால் மிச்சம், எது ஆர்டர் குறைந்ததால் மிச்சம் என்று பிரிப்பது கடினம். இன்ன வேலை, இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று முன்பே எழுதிக்கொள்வதே இருவருக்கும் நிம்மதி.

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரே ஊரில், ஒரே தொழிலில், அடுத்தடுத்த கேட்டுக்குள் போய்வரும் ஆள் நீங்கள். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் எதிரெதிரே இரண்டு ஃபவுண்டரிகள் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டு பேரும் ஒரே பம்ப் கம்பெனிக்குக் காஸ்டிங் கொடுக்கிறார்கள். ஒரு டன் இரும்பு உருக்க இன்டக்‌ஷன் ஃபர்னஸ் எத்தனை யூனிட் எடுக்கிறது என்பது வார்ப்பின் அடக்கவிலையில் பெரிய பங்கு. 580-ல் உருக்குபவரும் 680-ல் உருக்குபவரும் ஒரே விலைக்குக் கொட்டேஷன் கொடுக்க முடியாது. டீ வந்ததும் முதலாளி சாதாரணமாகக் கேட்பார், “எதிர்த்தாப்ல போயிருந்தீங்களாமே, அவங்க எத்தனை யூனிட்ல மெல்ட் பண்றாங்க?” அவர் கெட்டவர் அல்ல, யாரும் கேட்கத்தான் செய்வார்கள். சிரித்துக்கொண்டே, “அதை இங்க சொன்னா நாளைக்கு உங்க நம்பரை அங்க சொல்ல மாட்டேன்னு என்னங்க நிச்சயம்?” என்று சொல்லிவிடுங்கள். ஒரு நொடி முகம் சுருங்கலாம். ஆனால் அந்தப் பதிலும் ஊருக்குள் பரவும், உங்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. உருளைக்கிழங்கு போண்டாவோடு பேச்சுவாக்கில் ஒரே ஓர் எண்ணைக் கசியவிட்ட ஆலோசகருக்கு அந்த எஸ்டேட்டில் கேட் திறக்காமல் போனதைக் கண்டிருக்கிறேன்.

கமிஷனும் இதே வகை. இன்வெர்ட்டர் டிரைவ், புது கம்ப்ரஸர், கெப்பாசிட்டர் பேனல் விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். எங்கள் சரக்கைச் சிபாரிசு செய்யுங்கள், பில்லில் இத்தனை சதவீதம் உங்களுக்கு என்பார்கள். சில மாதங்களில் ஃபீஸைவிட அதுவே அதிகம் வரும். வாங்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு விலைப்பட்டியல் ஒட்டிக்கொள்ளும். டீலருக்கும் மெயின்டனன்ஸ் மேனேஜருக்கும் தெரிந்தது முதலாளிக்குத் தெரியாமல் இருக்காது. சரக்கு விற்பதுதான் தொழில் என்றால் டீலராகவே போகலாம், அது கௌரவமான தொழில். ஆலோசகர் என்று போர்டு வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. அறிமுகப்படுத்தி வைத்த ஆடிட்டருக்குப் பங்கு கொடுக்க நினைப்பவர்களும் உண்டு. பட்டயக் கணக்காளர்களுக்கான 1949-ஆம் ஆண்டுச் சட்டம், பிறருடைய தொழில் வருமானத்தில் இப்படிப் பங்கு வாங்குவதைப் பொதுவாகத் தொழில்முறைத் தவறு என்றே வைத்திருக்கிறது. நன்றிக்கடனாக நினைத்துக் கொடுத்து அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். நேரில் போய் நன்றி சொல்லி, அவர் அனுப்பிய வேலை எப்படி முடிந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. அனுப்பியவருக்கு அந்த யூனிட்டில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த ஆளை அனுப்ப அவருக்குத் தயக்கம் வரும்.

தெரிந்தவர்களிடம் வேலை செய்வதில் பணம் கேட்பதுதான் கஷ்டம். சங்கத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவரிடம் பில் பாக்கியைக் கேட்க நாக்கு எழாது. அதற்குத்தான் ஏற்பாடு முன்பே வேண்டும். வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, அளவெடுத்து முடித்ததும் ஒரு பங்கு, அறிக்கை கொடுக்கும்போது மீதி என்று பிரித்துக்கொண்டால் கேட்கவே வேண்டியிருக்காது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை, சேவைத் தொழிலுக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். 2023 நிதிச் சட்டம் செய்த மாற்றத்துக்குப் பிறகு, காலத்தோடு கொடுக்காத தொகையை, சேவையை வாங்கியவர் அந்த வருஷச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது, கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. பில்லில் உத்யம் எண் இருந்தால் அவருடைய ஆடிட்டரே மார்ச் மாதத்துக்குள் நினைவுபடுத்துவார். சேவை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

பழைய கம்பெனியை விட்டு எப்படி வருகிறீர்கள் என்பதும் இதில் சேரும். வேலையை விட்ட பிறகு அதே துறையில் தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அப்படிப்பட்ட தடையைச் செல்லாது என்கிறது. ரகசியம் காக்க வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கும். டிராயிங், விலை விவரம், கஸ்டமர் பட்டியல் எதையும் பென் டிரைவில் எடுத்து வராதீர்கள். மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் உங்கள் இடத்துக்கு வருபவரை நன்றாகத் தயார் செய்துவிட்டு வாருங்கள். பலருக்கு முதல் வேலையைக் கொடுப்பது அந்தப் பழைய முதலாளிதான். கொடுக்காவிட்டாலும், உங்களைப் பற்றி விசாரிக்க நினைக்கும் எவரும் முதலில் போன் செய்வது அவருக்குத்தான்.

எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் எரிசக்தி மேலாளர், எரிசக்தி ஆடிட்டர் தேர்வுகளை வேலையில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. பெரிய ஆலைகளுக்குச் சட்டப்படி கட்டாயமான ஆடிட்டை அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய முடியும். சின்ன யூனிட்டுக்கு யோசனை சொல்ல அது தேவையில்லை என்றாலும், முதல் தடவை பார்ப்பவருக்கு ஒரு பிடிமானமாக இருக்கும். வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷத்துக்காவது கையிருப்பு வேண்டும். சங்கம் வழியாக வரும் வேலை மெதுவாகத்தான் வரும். முதல் வருஷத்தில் மூன்று நான்கு வேலை வந்தாலே நல்ல தொடக்கம். அவசரப்பட்டு விலையைக் குறைத்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் எடுப்பவர்கள்தான் இரண்டாம் வருஷத்தில் மறுபடி சம்பளத்துக்குப் போகிறார்கள்.

ஆகவே, இந்த யோசனை மனதில் இருப்பவர்கள் ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்குப் போய்வாருங்கள். விற்பதற்கு இன்னும் எதுவும் இல்லாத இந்தக் காலத்தில் பழகும் ஆட்கள்தான் நாளைக்கு உங்கள் பேரைச் சொல்வார்கள்.